இருபத்தொரு காட்சி

விதி இவ்வளவுதான்:
லொஸ் ஏஞ்சலஸ் எல்லைக்குள் ஒரு திரையரங்கு,
தொடர்ந்து ஏழு நாள், நாளுக்கு மூன்று காட்சி,
டிக்கெட் வாங்கி யாரும் நுழையலாம்.
யாராவது நுழைய வேண்டும் என்று
விதி சொல்லவில்லை.

ஸ்காபரோவில் புவனலோஜினி அக்காவின் சீட்டை
இரண்டாம் மாதமே கழிவு கூறி எடுத்தேன்.
இருபத்தையாயிரம் சீட்டு. கைக்கு வந்தது பதினெட்டு.
"கலியாணமோ?" என்று கேட்டா.
"வாடகை" என்றேன்.
பொய்யில்லை.

கிளென்டேலில் பல் வைத்தியருக்கும்
மூடிய சலவைக் கடைக்கும் நடுவே
நாற்பத்தெட்டுக் கதிரைகள்.
மேலாளர் வர்தான் காசை எண்ணவில்லை,
என்னை எண்ணினார்: "இந்த வருடம் நீ பதினோராவது.
போன வாரம் ஐஸ்லாந்துக்காரர் ஒருவர்
தாயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்."

ஒரு மணிக்கு சர்வர் தானாக விழிக்கும்.
வெறும் கதிரைகளுக்கு என் உப்பு லொறி ஓடத் தொடங்கும்.
தொண்ணூற்றிரண்டு நிமிடம்
ஒருவன் பனித்தெருவில் உப்புத் தூவுகிறான்.
மைனஸ் இருபத்தாறில் கோபிரமணன் எடுத்தது;
கையுறை போட்டால் ஃபோகஸ் பிடிபடாது என்று
போடாமலே எடுத்தது.
இங்கே வெளியில் முப்பத்தெட்டு.
ஏசிக் குளிரில் மட்டும்
படம் கொஞ்சம் நம்பும்படி இருந்தது.

முதல் நாள் படம் பார்த்தேன்.
இரண்டாம் நாள் பிழைகளை மட்டும் பார்த்தேன்.
மூன்றாம் நாள் மதியம்
என் படத்தில் நானே தூங்கிப்போனேன்.
விழித்தபோது நாலாம் வரிசையில்
இன்னொரு குறட்டை.

மரிவிக். இரவு முழுக்க ஆஸ்பத்திரி,
பகலில் வீட்டுக்கு மேலே கூரை வேலை, சுத்தியல்.
"மதியக் காட்சி ஏழு டொலர்.
இந்த ஊரில் இதைவிட மலிவான இருட்டு இல்லை."
படத்தின் பெயரை அவள் கேட்கவில்லை.
எடுத்தவள் நான் என்று நானும் சொல்லவில்லை.

வாக்காளர் பார்க்கும் தளத்தில் படத்தை ஏற்றத் தனிக் காசு.
ஏற்றியாயிற்று என்று அவர்களுக்கு அறிவிக்க
இன்னொரு காசு.
பெரிய ஸ்டூடியோ ஒன்று
தெரு முனையில் வானத்தை மறைத்துப் பலகை வைத்திருந்தது,
'உங்கள் பரிசீலனைக்கு' என்று பொன்னெழுத்தில்.
பஸ்ஸுக்கு அதன் கீழேதான் நின்றேன்.
நிழலுக்குக் காசில்லை.

ஐந்தாம் நாள் மரிவிக் விழித்துவிட்டாள்.
லொறி கவிழும் இடம்.
உறைந்த ஏரியில் உப்பெல்லாம் கொட்டும்.
அதற்காகத் தர்மினி மூன்று கிலோ சம்பா அரிசியை
கேக் தட்டில் கொட்டிக் கொட்டிப் பதிந்தாள்,
பிறகு அதையே சமைத்துச் சாப்பிட்டோம்.
வாசலில் சாவி தேடிக்கொண்டே மரிவிக் கேட்டாள்:
"அதுக்கு முதல் என்ன நடந்தது?"
வாயெடுத்தேன்.
"வேண்டாம். வந்து பார்க்கிறேன்."

ஆறாம் நாள் வரவில்லை.
ஏழாம் நாள் வந்தாள், பெரிய கோப்பியோடு,
நாலாம் வரிசையை விட்டு முன்னுக்குப் போய் இருந்தாள்.

டிசம்பரில் பட்டியல் வந்தது.
தகுதி பெற்றவை முந்நூற்றுச் சொச்சம்,
அகரவரிசையில்; ஆனால் அவர்களுடைய அகரம்.
எதை எழுதத் தொடங்கினாலும்
தாளின் தலையில் நாம் சுழித்துவிடும் உ
அங்கே கடைசிப் பக்கத்தில் நின்றது.
அடுத்த பட்டியலில்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

சீட்டு இன்னும் பதினாலு மாதம் கட்ட வேண்டும்.

வர்தான் கணக்கு அனுப்பியிருந்தார்:
இருபத்தொரு காட்சி, ஒன்பது டிக்கெட்.
நாலு மரிவிக்கினுடையது.
ஒன்று முதல் நாள் நான் வாங்கியது,
பூச்சியமாய் இருக்கக்கூடாதே என்று.

மிச்சம் நாலு பேர்.
நான் பலகை நிழலில் நின்ற நேரத்தில் வந்திருக்கலாம்,
தூங்கிய நேரத்தில் வந்திருக்கலாம்.
பனி தள்ளும் இரவுகளில்
அவர்களை எங்கே இருத்துவது என்று யோசிக்கிறேன்,
ஓரத்திலா, பின்னாலா,
உப்புக் கொட்டும்வரை இருந்தார்களா.